மடித்து வைத்த காகிதம்

என் மனைவி கமலாவிடம் ஒரு பொய் சொன்னேன். அதை நாற்பது ஆண்டுகள் காப்பாற்றினேன்.

திருமணமான ஐந்து ஆண்டுகளில் கமலாவுக்கு மூன்று முறை கரு கலைந்தது. மருத்துவர் எங்கள் இருவரின் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார். முடிவை வாங்க நான் மட்டும் போனேன். கமலாவின் குரோமோசோம்களில் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்) குறை எதுவும் இல்லை. என்னுடையவற்றில் சமநிலை இடமாற்றம் (இரண்டு குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பது) இருந்தது. மொத்த அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. அதனால் எனக்கு நோயில்லை. ஆனால் பாதியைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அளவு பிசகலாம். பிசகிய கரு பெரும்பாலும் தங்காது. பிசகாவிட்டால் பிள்ளை நலமாகவே பிறக்கும்.

நான் உயிரியல் ஆசிரியர். மருத்துவர் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து, "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல" என்றேன். காகிதத்தை மடித்து என் பட்டச் சான்றிதழுக்குப் பின்னால் செருகினேன்.

அதற்குள் என் அம்மா கமலாவை ராசியில்லாதவள் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். கமலா தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அவள் வெறுங்காலோடு நடந்தாள். அவள் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன். மறு ஆண்டு அருண் பிறந்தான். நன்றிக்காக அவள் ஆண்டுதோறும் குடம் எடுத்தாள். ஆண்டுதோறும் செருப்பு என் கையில்.

அருணின் மனைவி சுகன்யாவுக்கு இரண்டாவது கருவும் கலைந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் செங்காங்கிலிருந்து எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். எம்ஆர்டி ரயிலில் தினமும் நின்றுகொண்டே வேலைக்குப் போனதால் இருக்குமோ என்று சுகன்யா கேட்டாள். கமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வர்ற தைப்பூசத்துக்கு நீயும் எடும்மா. எனக்கு இவன் அப்படித்தான் தங்கினான்."

சுகன்யா தலையாட்டினாள். நான் அறைக்குப் போய்க் காகிதத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அருண் இரண்டு முறை படித்தான். "ஃபர்ஸ்ட் டைமே செக் பண்ணியிருப்போம்பா" என்றான். சுகன்யா, "அப்ப நான் நின்னுக்கிட்டுப் போனது காரணமில்லையா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குத்தான் அழுதாள்.

கமலா கடைசியாகப் பேசினாள். "ஒங்கம்மா என்னைய ராசியில்லாதவள்னு சொன்னப்போ, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பிள்ளைகளோடு நானும் மருத்துவமனைக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன். அருணுக்கும் அதே இடமாற்றம். கருவை வெளியே உருவாக்கி, அளவு பிசகாததைத் தேர்ந்து கருப்பையில் வைக்கும் வழியை மருத்துவர் விளக்கினார். தெம்பனிஸில் இருக்கும் என் தம்பியிடமும் சொன்னேன். அவன் மகளுக்கு நிச்சயம் நெருங்கிக்கொண்டிருந்தது. "இப்பப் போயி ஏண்ணே இதெல்லாம்?" என்று போனை வைத்தவன் இன்னும் அழைக்கவில்லை. ஆனால் அவன் மகள் தானாகவே போய்ச் சோதித்துக்கொண்டாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கரு மீண்டும் மீண்டும் கலைந்தால் இருவருமே ரத்தம் கொடுங்கள். முடிவைக் கேட்க ஒருவர் மட்டும் போகாதீர்கள். உடன்பிறந்தவர்களிடம் சொல்லுங்கள். இடமாற்றம் யாருடைய குற்றமும் இல்லை. மறைத்தது என் குற்றம்.

பேத்தி யாழினி பிறந்து எட்டு மாதமாகிறது. கொழுகொழுவென்று இருக்கிறாள். அவளுக்கும் என் இடமாற்றம் உண்டு.

இந்தத் தைப்பூசத்திலும் கமலா குடம் எடுத்தாள். செருப்பைச் சுகன்யாவிடம் கொடுத்தாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். என் உடம்பு என்னோடு தொடங்கி என்னோடு முடிவது என்றே எழுபத்து மூன்று வயதுவரை நினைத்திருந்தேன். எனக்கு முன்பே யாரிடமிருந்தோ கிளம்பிய இரண்டு துண்டுகள், என்னைக் கடந்து, என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தன.

வீடு திரும்பியதும் கமலா அந்தப் பழைய காகிதத்தைக் கேட்டாள். மடிப்புகளைக் கையால் நீவி, யாழினியின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் முதல் தாளாக வைத்தாள்.

"இது இனிமே ஒங்ககிட்ட இருக்க வேணாம்" என்றாள்.