நிற்கத் தெரிந்தவர்

என் அத்தானுக்கு நிற்கத் தெரியும். வேறு என்ன தெரியும் என்று கேட்டால் அக்காவே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வாள். பாதி ஆயுளைப் பட்டாளத்தில் நின்று கழித்தார். மீதியை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளியாக நின்று கழித்துக்கொண்டிருந்தார். அங்கே பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘கம்பம்’. அந்தக் கம்பம் உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மலைப்பாதையில் பட்டாள லாரி கவிழ்ந்ததில் அவருக்கு இடுப்பில் அடி. முகாம் மருத்துவர் வந்து, “எப்படிப்பா இருக்கே?” என்று கேட்டிருக்கிறார். “நல்லா இருக்கேன் சார்” என்றிருக்கிறார் இவர். மேலதிகாரி கேட்டால் அங்கே அந்த ஒரு பதில்தான் உண்டாம். வேறு பதில் சொல்கிறவனைச் சோம்பேறி என்று கூட இருப்பவர்களே ஒதுக்கிவிடுவார்களாம். மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அத்தானின் இடுப்பு அப்படியே கோணலாக ஒட்டிக்கொண்டது.

ஊனமடைந்த படைவீரர்களுக்கான உதவித்தொகைக்கு அவரை விண்ணப்பிக்க வைத்தது அக்காதான். அது வந்தால் வாசல் வேலையை விட்டுவிடலாம். அவளுடைய ஆசையெல்லாம் இந்த மனிதர் கொஞ்சம் உட்கார வேண்டும் என்பதுதான். வேலை முடிந்து வந்தால் அவரால் சட்டையைக்கூடக் கழற்ற முடியாது. சுவரில் சாய்ந்து நிற்பார், அக்கா பொத்தானைக் கழற்றுவாள்.

“வாசல்ல ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேளுங்களேன்” என்பாள்.

“காவல்காரன் உட்காரக் கூடாது.”



விண்ணப்பம் போன இடத்திலேயே கிடந்தது. அக்கா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அலுவலகத்திலிருந்து ஒரே பதில்: பரிசீலனையில இருக்கு. கடைசியில் அந்தச் சொல் எங்கள் வீட்டு வசவாகிவிட்டது. பள்ளி வேன் ஓட்டுகிற நான் காலையில் கொஞ்சம் புரண்டு படுத்தால், “என்னடா, பரிசீலனையில இருக்கியா?” என்பாள். அத்தான்கூடச் சிரிப்பார். சிரித்தால் இடுப்பு இழுக்கும் என்பதால் அளவாகச் சிரிப்பார்.

இப்படியே வருஷங்கள் ஓடியபின் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. அக்கா அத்தானுக்குப் பாடம் எடுத்தாள். கைத்தடி எடுத்துக்கொள்ள வேண்டும், வலிக்கிற இடத்தில் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காலையில் நான் வேனை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், மனிதர் மழமழவென்று சவரம் செய்து, கஞ்சி போட்ட சட்டையும் முகம் தெரிகிற ஷூவுமாக வீட்டு வாசலில் நிற்கிறார். கைத்தடியைக் காணோம்.

“என்னத்தான், பொண்ணு பார்க்கவா போறோம்?”

“அதிகாரி முன்னாடி போய் நிக்கணும்ல மாப்ள.”

அன்றைக்கு அவர் வலி மாத்திரையை வழக்கத்துக்கு இரண்டு மடங்காக விழுங்கியிருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. வலியைக் காட்டப் போகிற இடத்துக்கு வலியை அமுக்கிவிட்டுப் போன ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருக்கும்.

மருத்துவர் முன்னாள் பட்டாளத்து அதிகாரி, பெரிய மீசைக்காரர். இவருடைய பழைய பதவியைச் சொல்லிக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அத்தான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து குதிகால் இரண்டையும் சேர்த்து நின்றார்.

“எப்படி இருக்கே?”

“நல்லா இருக்கேன் சார்.”

அக்கா வாயைத் திறந்தாள். “நீங்க இருங்கம்மா, அவர் பேசட்டும்” என்று அவளை அடக்கிவிட்டார் மருத்துவர். குனியச் சொன்னார், குனிந்தார். திரும்பச் சொன்னார், திரும்பினார். கழுத்தில் வியர்வை ஊற்றியது. அது எனக்குத் தெரிந்தது, மருத்துவர் எழுதிக்கொண்டிருந்தார். “பலே, இந்தக் காலத்துப் பசங்களுக்கு இந்த நிமிர்வு வருமா?” என்று தோளில் தட்டிக் கொடுத்தார். அத்தானின் முகத்தில் ஒரு பெருமை. அந்த நிமிஷம் அவரை எனக்கு அடிக்கலாம் போல இருந்தது.

வேனில் ஏறுவதற்குள் கால் மடங்கிவிட்டது. வீட்டில் ஷூவைக் கழற்ற முடியாமல் அக்கா கத்திரிக்கோலால் கயிற்றை வெட்டினாள். வெட்டிக்கொண்டே சொன்னாள்: “அந்தாளு தட்டிக் குடுத்ததை வச்சு இந்த மாசம் சாப்பிடலாமா?”

 விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. இரண்டு நாள் கழித்து அத்தானாகவே அக்காவிடம் வந்து, “இன்னொரு தடவை கூப்பிட்டா நீ சொல்ற மாதிரியே செய்யறேன்” என்றார். அதைச் சொல்ல அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

மேல்முறையீடு செய்தோம். மறுபடியும் பரிசீலனை. மறுபடியும் அழைப்பு. இந்தமுறை மாத்திரை இல்லை, சவரம் இல்லை. கைத்தடியை ஊன்றி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அதே அறை, அதே மீசை.

“எப்படி இருக்கே?”

அத்தான் கைத்தடியை இன்னும் அழுத்தி ஊன்றினார். “வலிக்குது சார்” என்றார். அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அக்கா அழுதுவிட்டாள்.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“போன தடவை கம்பீரமா நின்னே. இப்ப யாரு சொல்லிக் குடுத்தது? பொண்டாட்டியா?”

“இல்ல சார், நிஜமாவே…”

“பட்டாளத்து ஆளு இப்படி நடிக்கலாமா? வெக்கமா இல்லே?”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். குனியும்போது வலித்திருக்க வேண்டும், ‘ஸ்’ என்றார். “அதையும் நடிச்சுக் காட்டறியா?” என்றார் மருத்துவர்.

அதோடு விட்டார்களா? இவர் உண்மையிலேயே நிற்கிறாரா என்று கேட்டுக் குடியிருப்புச் சங்கத்துக்கு அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். செயலாளர் நல்ல மனிதர், அத்தான்மேல் மரியாதை உள்ளவர். நம் ஆளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, நாள் முழுக்க அசையாமல் நிற்பார், இவரைப்போல் காவலாளி கிடையாது என்று புகழ்ந்து தள்ளிவிட்டார். விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. வந்த ஆள் போனபின் செயலாளருக்கு வேறு யோசனை வந்தது. நிற்க முடியவில்லை என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தவர் நாளைக்கு நம் வாசலில் விழுந்து வைத்தால் யார் பொறுப்பு? மாத முடிவில் அத்தானைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, “உடம்பைப் பார்த்துக்கங்க அண்ணே” என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

நிற்க முடிகிறவருக்கு உதவித்தொகை கிடையாது. நிற்க முடியாதவருக்கு வேலை கிடையாது. இரண்டும் என் அத்தான் ஒருவர்தான்.

இப்போது அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா ஆசைப்பட்டது நடந்துவிட்டது. இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், அதை நான்கு வீடுகளாக்கிக்கொண்டாள்.

போன வாரம் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள அந்தக் குடியிருப்பு வாசலில் வேனை நிறுத்தினேன். புதிய காவலாளி கால்மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெத்தை வைத்த நாற்காலி, தலைக்குமேல் குடை. யார் கொடுத்தது என்று விசாரித்தேன். சேர்ந்த அன்றைக்கே ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டானாம். செயலாளர் தன் வீட்டிலிருந்தே எடுத்து வந்து போட்டாராம்.

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை.  அத்தான், “காவல்காரன் உட்காரக் கூடாதே மாப்ள” என்றார்.

வேலை முடிந்து வந்து தரையில் கால் நீட்டியிருந்த அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்படியா? எந்திரிச்சுப் போய் அவன்கிட்டச் சொல்லிட்டு வாங்க.”

அத்தான் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தார். நான் தூக்கிவிடப் போனேன். “விடுடா, நல்லாத்தானே இருக்கார்” என்றாள் அக்கா. அவர் இன்னொரு முறை முயன்றார், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.