ராவுக்கு மாத்திரு

எனக்குக் கேமராவைப் பார்த்துப் பயமில்லை. அதன் மெனுவைத் திறக்கத்தான் இன்றும் பயம்.

கம்பத்தில் நாங்கள் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்ததில் கணவர் போடிக்குப் போனார். சுருளிப்பட்டிக் கல்யாணம் என் தலையில் விழுந்தது. முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்த கேமராதான் என் கையில். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் போனில் கத்தினார்: "சின்ன சைஸ்ல கெடக்கும், ராவுக்கு மாத்திரு!"

சரி, சாயங்கால வரவேற்புக்குள் மாற்றினால் போதும் என்று எடுத்துக்கொண்டேன். மெனுவில் அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். ஆர், ஏ, டபிள்யூ என்றே மனதுக்குள் படித்துப் பழகியவளுக்கு, அதைத்தான் 'ரா' என்கிறார் என்று எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் ரா என்றால் இரவு.

பெண்ணின் அப்பாவைக் காரில் கூட்டிவந்து மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தாலி கட்டி முடித்ததும் திரும்பக் கூட்டிப்போய்விட்டார்கள். டாக்டர்கள் கைவிட்ட உடம்பு என்பது மண்டபத்துக்கே தெரியும். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுக படம் ஒண்ணு பெருசா வேணும் ஆத்தா. வீட்டு நடுவுல மாட்டுற மாதிரி."

மறுநாள் காலை கணினியில் திறந்தோம். கூட்டம் மறைத்ததில் பெண்ணின் அப்பா இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதிலும் ஃபிளாஷ் அடிக்கவில்லை. பின்னால் ஜன்னல் வெளிச்சம், முகம் ஒரே கரி.

"ரா ஃபைல்தான, வெளிச்சத்தத் தூக்கிரலாம்" என்றார் கணவர். கேமரா கண்டது அத்தனையும் அந்த ஃபைலில் இருக்கும், இருட்டிலிருந்து முகத்தை மீட்டுவிடலாம். ஆனால் இருந்தது ஜேபெக், சுருக்கி வைக்கிற சாதாரண ஃபைல். அதுவும் சின்ன அளவு, இருப்பதிலேயே மட்டமான தரம். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"நீங்கதான ராவுக்கு மாத்தச் சொன்னீக?"

விஷயம் புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மெமரி கார்டு கெட்டுப் போச்சுன்னு சொல்லிருவோம்" என்றார். எனக்குப் பொய் சொல்லவும் பயம், நிஜத்தைச் சொல்லவும் பயம்.

தபால் கார்டு அளவில் ஒரு பிரிண்ட் போட்டேன். அந்த அளவில் முகம் ஓரளவு தெரிந்தது. ஸ்கூட்டரில் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிப் பெண் வீட்டுக்குப் போகையில், பெண்ணின் அப்பா மட்டும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். கட்டிலில் சாய்ந்து முழித்துத்தான் இருந்தார். பிரிண்டை அவர் மனைவியிடம் நீட்டினேன். எப்படியோ அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"இதப் பெருசு பண்ண முடியாதும்மா. நாந்தான் கேமராவத் தப்பா வச்சு எடுத்துட்டேன்."

அந்த அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. பெண்ணின் அப்பா அந்தப் படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டு போதும் ஆத்தா. பெருசா மாட்டுனா மாலையத்தான் போடுவாக. இத எம் மக பர்ஸுல வச்சுக்கிருவா."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையைத் தூக்கவேயில்லை.