பியானோ – ஒரு பெண்

வானொலி நிலையத்தில் அவளை எல்லோரும் அடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் அந்த வேலை பேருந்து ஓட்டும் அவள் கணவருடையது. அவள் அடுப்பில் வைப்பதெல்லாம் பழைய ஒலிநாடா. பல வருடம் அலமாரியில் கிடந்த சில ரக நாடாக்கள் பிசுபிசுத்துப்போய், ஓட்டினால் இயந்திரத்தில் ஒட்டி உரிந்து வரும். அவற்றைக் குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் வாட்டி, கதவைத் திறக்காமல் இன்னொரு எட்டு மணி நேரம் ஆறவிட்டால் சில வாரம் சமர்த்தாக ஓடும். அதற்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும். அவள் அறை மூலையில் இருக்கிற அடுப்பைப் பார்த்துவிட்டு, போகிறவர் வருகிறவரெல்லாம், "அக்கா, இன்னைக்கு என்ன வேகுது?" என்று கேட்காமல் நகர மாட்டார்கள். அவளும் சளைக்காமல், "உங்க புத்தி. இன்னும் வேகலை" என்பாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் லேபிள் தட்டச்சு செய்ய வந்தவள். ஜாஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த லேபிள்களில்தான் அவளுக்குத் தெரிய வந்தது. பிறகு கேட்கக் கேட்கப் பித்துப் பிடித்துவிட்டது. ராகம் தாளம் எதுவும் சொல்லத் தெரியாது. ஆனால் சாக்ஸபோன்காரர் மூச்சை இழுக்கிற விதத்தை வைத்து, இவர் போன மாதம் கேட்ட இன்னொரு நாடாவில் பெயர் போடாமல் வாசித்தவர்தான் என்று சொல்லிவிடுவாள். லேபிளில் "மற்றும் சிலர்" என்று தள்ளிவிட்டவர்களை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்து, அவர்கள் யார் என்று தேடுவாள். யாரும் அவளை அப்படித் தேடச் சொல்லவில்லை. இறந்துபோன மனிதருக்குப் பெயரும் இல்லாமல் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பெட்டி கிடைத்தது. ஓட்டல் ஒன்றில் நடன இரவுகளுக்கு வாசித்த ஜாஸ் குழு. டிரம்பெட், சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் என்று நான்கு ஆண்களுக்கும் முழுப்பெயர், இனிஷியலோடு. கடைசி வரியில், "பியானோ – ஒரு பெண்." அதைப் படித்ததும் அடுப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரம்ஸ் குச்சி விற்றவரின் பெயரைக்கூடப் போட்டிருப்பான்கள், படுபாவிகள்! அன்றிலிருந்து அந்தப் பெண்ணைத் தேட ஆரம்பித்தாள். நாடாவை மட்டும் தொடவில்லை. அவசரப்பட்டு ஓட்டிக் கெடுத்துவிடுவோமோ என்று பயம்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை திரும்பி வந்து கேஸை மூடினோமா என்று பார்ப்பாள்.

போன மாதம் நிலையத்தின் செய்தி மடலில் அந்தப் பெண்ணைப் பற்றி அவள் எழுதிய குறிப்பைப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் வந்தது. "அது என் அக்கா. முப்பத்தொரு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் குழு இசைத்தட்டு போட்டபோது அவள் இல்லை. வேறொருவர் வாசித்தார். அவள் வாசித்தது எங்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு காது போய்விட்டது, இன்னொன்றும் கிளம்பிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் போட்டுக் காட்டினால் புண்ணியமாகப் போகும்." அடுப்பக்கா அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தாள், நான்கு தடவையும் அழுதாள். உடனே பதில் போட்டு, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச்சொன்னாள்.

வியாழன் காலை எட்டரைக்கு அடுப்பைத் திறந்து நாடாவை எடுத்தாள். தூசி பார்க்க ஜன்னல் பக்கம் திருப்பினாள். சுருளின் ஊடாக வெளிச்சம் தெரிந்தது.

வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட். இன்னும் பழைய ரகம். அதை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சூடு பட்டால் காய்ந்து சுருங்கி அப்பளமாக நொறுங்கும். இந்த வேலையில் முதல் பாடமே அதுதான்: அடுப்பில் வைக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. நேற்று மதியமும் நாடாவோடு ஜன்னலை நோக்கி நடந்தவள்தான். பாதி வழியில் தொலைபேசி அடித்தது. கடிதம் எழுதிய அந்த அம்மா, "நாளைக்குத்தானேம்மா?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார். பேசி முடித்த சந்தோஷத்தில் நேராக அடுப்புக்குப் போய்விட்டாள். பெட்டியின் மேல் பிசுபிசுக்கும் ரகத்தின் பெயர் அச்சாகி இருந்தது. பழைய பெட்டி கிழிந்துபோய், யாரோ ஒரு புண்ணியவான் நாடாவை வேறு பெட்டிக்கு மாற்றியிருக்கிறார். பெட்டியை நம்பினாள்.

சுருளின் ஓரங்கள் நெளிந்திருந்தன. நுனியை விரலால் லேசாக வளைத்தாள். அரை அங்குலம் ஒடிந்து கையோடு வந்தது. கணவருக்குப் போன் செய்தாள்.

"கெடுத்துட்டேங்க. நானே கெடுத்துட்டேன்."

"வண்டி கிளம்பப்போகுது. எதைக் கெடுத்தே, சொல்லு."

"அந்த பியானோ பொண்ணை."

"அந்த அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிடு. இல்லன்னா நீ தூங்க மாட்டே, என்னையும் தூங்க விட மாட்டே" என்றார் கணவர்.

பிரிவுத் தலைவர் வேறு மாதிரிச் சொன்னார். நல்ல மனிதர், வயதில் இளையவர், அவள்மேல் மரியாதை உள்ளவர். "அக்கா, பழைய டேப்பு. தானா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது? பாவம், வயசானவங்க. உண்மையைச் சொல்லி அவங்களை ஏன் நோகடிக்கணும்?"

அது அவளுக்கும் சௌகரியமாகத்தான் பட்டது. பத்து மணியிலிருந்து அதையே மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். தானா கெட்டுப்போச்சும்மா. ரொம்ப வருஷம் ஆச்சு இல்லையா. நாங்க எவ்வளவோ பார்த்தோம். நடுவில் நான்கு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தாள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்; பிறகு கைபேசியில் மணி பார்த்தாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அந்த அம்மா வந்துவிட்டார். ஒல்லியான உருவம், இஸ்திரி போட்ட உடை, கேட்கிற காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு நடை. நாற்காலியை இழுத்து ஒலிபெருக்கிக்கு ஓரடி தள்ளிப் போட்டு, கேட்காத காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ரெடி" என்றார்.

"அம்மா... அது வந்து... ரொம்ப வருஷம் ஆச்சு இல்லையா..." என்று இழுத்தாள் அடுப்பக்கா.

"ஐம்பது வருஷத்துக்கு மேல. அவளைப் பத்தி யாருமே கேட்டதில்லை. அம்மா அப்பா போனதும் வீட்டுலயும் பேச்சே நின்னுபோச்சு. யாரோ முகம் தெரியாத ஒருத்தி அஞ்சு வருஷமா என் அக்காவைத் தேடியிருக்கான்னா, அவ கையில எது இருந்தாலும் பத்திரமா இருக்கும்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன்."

இதற்குமேல் எப்படிப் பூசி மெழுகுவது? அடுப்பக்கா தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வெளிச்சத்தில் பார்க்காதது, பெட்டியை நம்பியது, ஒடிந்த அரை அங்குலம். போன் வந்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பழியை அவர் தலையில் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போனது. திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது அடுப்பக்காவுக்கு.

"மொத்தமும் போச்சா?"

"இல்லைம்மா. இப்பவே ஓட்டலாம். நான் விரலால நாடாவை அழுத்திப் பிடிச்சுக்கறேன். கொஞ்சம் கேக்கும். பாதிகூட கேக்கலாம். ஆனா அங்கங்க நொறுங்கிடும், அப்புறம் யாராலயும் கேக்க முடியாது. இல்லன்னா ஈரப்பதம் வைச்ச பெட்டில மூணு வாரம் வைச்சுப் பாக்கலாம். மெள்ள இளகி வந்தா முழுசையும் ஏத்திடலாம்."

"இளகுமா?"

"இளகலாம். இளகாமலும் போகலாம். எனக்கு நிச்சயமா சொல்லத் தெரியலைம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"மூணு வாரம்" என்றார் அவர். கை தானாகக் காதுக்குப் போனது. "போன மாசம் வாசல் மணி கேட்டுச்சு. இப்ப கேக்கலை."

அடுப்பக்கா எழுந்தாள். இயந்திரத்தின் பக்கம் போனாள். "இப்பவே போடறேம்மா. உங்களுக்குத்தான் முதல் உரிமை. மத்தவங்க கேக்கலன்னா பரவாயில்லை" என்று சொல்லி நாடாவின் நுனியைப் பிடித்தாள். ஐந்து வருடம் அவள் காத்திருந்ததும் அதில்தான் இருந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"வையுங்க அதை."

"அம்மா?"

"கீழ வையுங்க." அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பக்கத்து அறையில அவ வாசிச்சுக்கிட்டே இருப்பா, நான் பாடம் படிப்பேன். நிறுத்தித் தொலையேன்டின்னு கத்துவேன். நான் அவளைக் கேட்டவம்மா. கேக்காதவங்கதானே பாக்கி? ஊர் முழுக்க அவங்கதான்."

அடுப்பக்கா நாடாவை மெள்ளக் கீழே வைத்தாள். தலையை ஆட்டினாள்.

அவர் கைப்பையைத் திறந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, ஒரு தொலைபேசி எண்ணை நிதானமாக எழுதி மேஜையில் வைத்தார். "மூணு வாரம் கழிச்சு சரியா வந்துச்சுன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. என் நம்பர் இல்லை, என் பொண்ணோடது. எனக்கு அப்ப போன் கேக்குமோ என்னமோ. அவகிட்ட சொல்லுங்க, வந்து உக்காந்து முழுசாக் கேப்பா. பெரியம்மான்னு போட்டோவைக் காட்டித்தான் அவளை வளர்த்தேன்."