அலுமினியத்துக்கு அடியில்

பிழைக்க வந்த இந்த நாட்டில் பலகை சுமக்கிறவனையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். காவலாளி, லோரி ஓட்டுபவர், ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றுகிறவர், எல்லோருக்கும் நான் பாஸ். பூச்சோங்கில் அலுவலகம் வைத்திருக்கும் என் முதலாளி மட்டும் ‘டேய்’ என்பார். ஐந்து ஆண்டுகளாக அவரிடம் டெக் போடும் வேலை. வீட்டுக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் பலகை பரப்பினால் அது டெக். நாற்காலி போட்டு உட்கார்ந்து மழை பார்க்கலாம். எங்கள் ஊர் சின்னமனூரில் அப்படியொரு தேவை இருந்ததில்லை.

கிள்ளானில் ரீட்டா அக்கா அதைக் கேட்டது மழை பார்க்க இல்லை. அவருடைய கணவர் சேவியர் அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாசலில் இறங்கினால் கார்கள். அதனால் பின்பக்கத்தில், கைப்பிடியோடு, அவர் நடக்க ஒரு தளம்.

முதல் நாள் அளவெடுக்கும்போது, “சின்ன வயசுல நாங்க கம்பத்துலதான் இருந்தோம்” என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பம் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. “எந்தத் தெருக்கா?” என்றேன்.

“தெரு எங்க லா, எல்லாம் பலகை வீடுங்க.”

இங்கே கிராமத்துக்குத்தான் கம்பம் என்று பெயராம். இருவரும் சிரித்தோம். ஊர் வேறென்று ஆன பிறகும் அந்தச் சிரிப்பில் ஒரு சொந்தம் வந்துவிட்டது. “கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்வான். நீ சொல்லு தம்பி, எது போடலாம்?” என்று என்னைத்தான் கேட்டார். இங்கே விளையும் செங்கால் மரம் உறுதிதான், ஆனால் அடிக்கடி எண்ணெய் பூசிப் பராமரிக்க வேண்டும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை மதிய வெயிலில் வெறுங்காலைச் சுட்டுவிடும். அலுமினியத்தைக் கரையான் தின்னாது, மழையில் உளுக்காது. வரி போட்ட பலகையாக எடுத்தால் வழுக்காது. மனதாரத்தான் சொன்னேன். அக்கா சட்டம், பலகை எல்லாமே அலுமினியம் என்றார்.

வேலை தொடங்கிய அன்று லோரியில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். மேலே பரப்பும் பலகை மட்டும் அலுமினியம். அடிச்சட்டத்துக்கு வந்தது மருந்து பூசாத, வெளிறிய மட்டமான மரம். முதலாளியைக் கூப்பிட்டேன்.

“அடியில இருக்கறத யாருடா குனிஞ்சு பாக்கப் போறா? உன் பெர்மிட் இந்த மாசம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா?”

ஊரில் நான் வெல்டிங் வேலை பார்த்தபோது, ஒரு கட்டடத்தில் கம்பியின் கனத்தைக் குறைக்கச் சொன்ன காண்ட்ராக்டரிடம் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவன். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போக எனக்கு ஒரு வீடு இருந்தது. இங்கே கோபித்துக்கொண்டால் விமான நிலையம்தான்.

சட்டத்தைப் பூட்டினேன். பலகை பாதி மூடியபோது அக்கா மைலோ கொண்டுவந்தார். “அடியிலயும் அலுமினியம்தானே தம்பி?”

“ஆமாக்கா.”

அந்த மைலோவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. மூலையில் சட்டம் உளுத்து இறங்க, சேவியர் அண்ணன் ஊன்றுகோலோடு சரிந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தண்ணீர் வடியாததால் மண் இறங்கியது என்று சொல்லச் சொல்லி முதலாளி என்னையே அனுப்பினார். போய் பலகையைக் கழற்றினேன். விரலால் அழுத்தினால் பிட்டுப்போல உதிர்ந்தது மரம். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா. போடும்போதே தெரியும்.”

அவர் கத்தவில்லை. “அன்னிக்கு இத சொல்லியிருக்கலாமே” என்றார். பிறகு உள்ளே போகத் திரும்பியவர், “ஊர்க்காரன நம்பாதேன்னு இவர் அப்பவே சொன்னாரு” என்றார். இந்தியாவிலிருந்து வேலைக்கு வருகிறவனுக்கு இங்கே அதுதான் பெயர்.

என் வாக்குமூலத்தை வைத்து அக்கா புகார் கொடுத்தார். முதலாளி வேறு ஆட்களை அனுப்பி அலுமினியச் சட்டம் போட்டுக் கொடுத்து விஷயத்தை முடித்துக்கொண்டார். ஆள் பற்றாக்குறை என்பதால் என் பெர்மிட்டை ரத்து செய்யவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள பட்டறையில் பலகை அறுக்க உட்கார வைத்தார். இனி எந்த வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. அக்காவின் டெக் இப்போது நூறு வருடம் நிற்கும். அதில் நடக்க வேண்டியவர் கட்டிலைவிட்டு எழவில்லை.

போன மாதம் விடுமுறையில் சின்னமனூர் போனேன். நான் அனுப்பியதில் எழும்பிய வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாடிக்கு இரும்புப் படி வைத்திருந்தார்கள். மனைவியும் மகளும் மேலே ஏறிப்போய் நின்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் பையைக்கூட இறக்காமல் முட்டிபோட்டு, படிக்கு அடியில் தலையை நுழைத்து, ஒவ்வொரு பற்றவைப்பையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலிருந்து மகள் அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது: “அப்பா நம்ம வீட்டுக்கு வேலைக்கா வந்திருக்காரு?”