இம்மாகுலேற் காட்டிய இடம்

இம்மாகுலேற்றை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. நான் முதலாம் இடத்தில் இருக்கிறேன் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில், இல்லை, நீங்கள் இருபத்துமூன்றாம் இடம் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

இது பள்ளிக்கூடப் பரீட்சைக் கதை இல்லை. என் பெயர் சண்முகராசா. செவன் கிங்ஸில் கார் பழக்குகிறவன். பதினாறு வருடம் ஜேர்மனியில் இருந்து, அந்தப் பாஸ்போட்டோடு லண்டனுக்கு வந்து, இரண்டு கார்களை வைத்து ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இந்த 2009இல் கடைக் கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து யாரும் கார் பழக வருவதில்லை. கணினியில் தட்டித் தேடுகிறார்கள். முதல் பக்கத்தில் வருகிறவனுக்குத்தான் போன் அடிக்கிறது. அப்படி முதல் பக்கத்துக்கு எங்களை ஏற்றிவிடுவதாகச் சொல்லி, குட்மேய்ஸில் ஒரு கார்ப்பெற் கடைக்கு மேலே அலுவலகம் போட்டிருந்தான் அருள்நேசன். என் சிநேகிதனின் தம்பி. வாய் நிறையச் சிரிப்பு, கழுத்தில் முடிச்சுப் போட்ட ரை. பதினொரு தமிழ்க் கடைக்காரர்கள் அவனிடம் எங்கள் இணையப் பக்கங்களை ஒப்படைத்திருந்தோம்.

மாதம் முடிய அவன் எங்களுக்கு ஒரு அறிக்கை அனுப்புவான். அதில் அவனுடைய கணினித் திரையின் படம் இருக்கும். தேடலில் என் ஸ்கூல் முதலாவதாக நிற்கும். நான் அதை நம்பியது மட்டுமில்லை, நாள்தோறும் காலையில் தேநீரோடு இருந்து என் கணினியிலும் தேடிப் பார்ப்பேன். அங்கேயும் முதலாவது. உடனே அதை ஒரு தட்டுத் தட்டித் திறப்பேன். மனைவி தன் கணினியில் திறப்பாள். ஸ்ருட்கார்ட்டில் தங்கைக்கும் பாரிஸில் மச்சாள் தவமலருக்கும் போன் எடுத்து, நீங்களும் தேடித் தட்டுங்கோ என்பேன். "அத்தான், இஞ்சையும் நீங்கள்தான் முதல்!" என்று மச்சாள் கத்துவாள். பாரிஸில் இருந்து யார் செவன் கிங்ஸுக்குக் கார் பழக வரப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போன் ஏன் அடிக்கவில்லை என்றும் யோசிக்கவில்லை. ஆட்களுக்கு இப்போது கார் பழக விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மடையன் என்றால் கொம்பு முளைத்திருக்க வேண்டும் என்றில்லை.

அருள்நேசனின் அலுவலகத்தில் அந்த இடங்களைக் கணக்கெடுக்கிற வேலைதான் இம்மாகுலேற்றுக்கு. மன்னார் பேசாலைக்காரி, நாற்பத்துநான்கு வயது. தொண்ணூறில் புறப்பட்டு ஒல்லாந்தில் போய் விழுந்து, ஊட்ரெக்ட் நகரத்தில் பதினைந்து வருடம் அலுவலகங்கள் துப்புரவாக்கியவர். மேசைகளைத் துடைக்கத் துடைக்க, அந்த மேசைகளில் இருக்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அவருக்கு அறிய ஆசையாக வந்ததாம். மாலை வகுப்புக்குப் போனார். டச்சு மொழியில், நாலு வருடம் கணினிப் படிப்பு. சான்றிதழோடு கணவர் சவிரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தால், அந்தத் தாளை இங்கே ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுபடியும் வாளியும் தும்புத்தடியும். பிறகு கோயிலில் பூசை முடிந்து நிற்கையில் அருள்நேசன் இந்த வேலையைக் கொடுத்தான். வாழ்க்கையில் முதன்முதலாக அவர் ஒரு மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். அதை இழந்தால் திரும்பவும் வாளிதான் என்பது அவருக்கும் தெரியும், அருள்நேசனுக்கும் தெரியும்.

வேலை என்னவென்றால், காலையில் வந்து நானூற்றுப் பன்னிரண்டு தேடற்சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டி, எங்கள் கடைகள் எத்தனையாவதாக வருகின்றன என்று எண்ணிக் கணினியில் பதிவது. முடிய மத்தியானம் ஆகிவிடும். கண் எரியும். "மனிசர் செய்யிற வேலையே இது?" என்று கேட்டுவிட்டு, இரண்டு மாதம் வீட்டில் இருந்து ஒரு நிரல் எழுதினார். காலை ஆறு மணிக்கு அது தானாக எழும்பும். சொற்களைத் தானாகத் தேடும். இடங்களைக் குறித்து, நாளும் நேரமும் போட்டு, கிளவுட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு தரவுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடும். கிளவுட் என்றால் ஆகாயத்தில் ஒன்றுமில்லை. யாரோ ஒரு பெரிய கொம்பனி அயர்லாந்தில் வைத்திருக்கிற கணினிகள். அந்தக் களஞ்சியத்தை அவர் கோயில் உண்டியல் மாதிரிச் செய்திருந்தார். உள்ளே போடலாம், போட்டதை எடுக்கவோ மாற்றவோ ஏலாது. எங்கள் பதினொரு பேருக்கும் உள்ளே பார்க்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்.

அருள்நேசனுக்குப் புளுகம், கால் நிலத்தில் நிற்கவில்லை. தானே கண்டுபிடித்தது போல நோட்டீஸ் அடித்துக் கொடுத்தான். எண்களைப் பார்க்க முதலே அடித்துவிட்டான், அதுதான் வினை.

முதல் கிழமை ஏழு நாளும் எல்லோரும் எண்பது, தொண்ணூறு என்று கிடந்தோம். அது இம்மாகுலேற்றின் பிழை. இயந்திரம் அயர்லாந்தில் நின்று தேடியபடியால், தேடல் அந்த நாட்டுக்காரருக்குக் காட்டுவதைக் காட்டியிருக்கிறது. அவரே அதைக் கண்டுபிடித்து, லண்டனில் இருந்து தேடுவது போல மாற்றி, எங்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஆனால் அந்தப் பிழையான கிழமையை அழிக்கவில்லை. "இது என்னுடைய பிழை" என்று குறிப்பெழுதி அப்படியே விட்டிருந்தார். இரண்டாம் கிழமை நான் இருபத்துமூன்று. மூன்றாம் கிழமையும் இருபத்துமூன்று.

நான் அலுவலகத்துக்கு ஏறிப்போய்ச் சண்டை பிடித்தேன்.

"தங்கச்சி, என்ர கண்ணால நான் முதலாவதாப் பாக்கிறன். உம்மட மிசின் என்ன விசர்க்கதை கதைக்குது?"

"நீங்கள் உங்கட கொம்பியூட்டரில பாக்கிறியள், அண்ணை. நீங்கள் எதைத் தட்டுறியள் எண்டு அது நினைவில வைச்சிருந்து, அதையே உங்களுக்கு முன்னுக்குக் கொண்டந்து காட்டுது. தட்டத் தட்ட உங்கட கண்ணுக்கு மட்டும் ஏறுவியள். மற்ற ஆக்களுக்கு நீங்கள் இருபத்திமூண்டு."

நான் மட்டுமா சண்டை பிடித்தேன்? பதினொரு பேரும் அருள்நேசனைப் பிடித்து உலுப்பினோம். அவன் இம்மாகுலேற்றிடம் போனான். களஞ்சியத்துக்குப் போக முதல் நடுவிலே ஒரு படி வைக்கச் சொன்னான். பத்துக்குக் கீழே விழுந்த எல்லாவற்றையும் பத்துக்குள் மாற்றிவிட்டு உள்ளே அனுப்பட்டாம்.

"நடுவில ஆரும் கை வைக்க நான் விடமாட்டன், தம்பி."

"அக்கா, ஆர் உங்களுக்கு இந்த வேலை தந்தது?"

"நீர்தான் தந்தனீர். எண்ணச் சொல்லித்தான் தந்தனீர். நான் எண்ணுறன்."

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லோரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். இயந்திரம் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, எண்கள் பிழை என்று இம்மாகுலேற் எங்கள் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை இருக்கும் என்று அருள்நேசன் முதலே அவரிடம் சொல்லியிருந்தான். இது பிறகு அவரே எனக்குச் சொன்னது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அருள்நேசன் தன் கணினியில் ஒவ்வொருவராகத் தேடிக் காட்ட, ஒவ்வொருவரும் முதலாவதாக வந்து நெஞ்சு நிமிர்ந்து இருந்ததுதான். பிறகு அவன் இம்மாகுலேற்றைப் பார்த்தான்.

அவர் எழும்பினார்.

"மிசின் முதல் கிழமை பிழை விட்டது. அதை நான் மறைக்கேல்லை. இப்ப அது சரி. உங்கள் ஒருத்தரும் தொடாத கொம்பியூட்டரில பாப்பம். லைபிரறி கிட்டத்தானே. வாறியளே?"

லண்டனில் பதினொரு தமிழ் முதலாளிமார் வரிசையாக நூலகத்துக்கு நடந்து போனதை அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். கேற்றரிங் நவரத்தினம், புடவைக்கடை கமலேஸ்வரி, கணக்காளர் கல்யாணசுந்தரம், எல்லோருக்கும் பின்னால் ரையைத் தளர்த்திக்கொண்டு அருள்நேசன். பொதுக் கணினி ஒன்றுக்கு முன்னால் நாங்கள் குவிந்தபோது நூலகப் பெண் இரண்டு தரம் விரலை வாயில் வைத்தாள்.

முதலில் என்னைத்தான் தேடினார்கள். முதல் பக்கத்தில் நான் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. மூன்றாம் பக்கத்தில், பழைய கார்களை இரும்புக்கு வாங்குகிற ஒருவனுக்குக் கீழே கிடந்தேன். என் கை என்னைக் கேளாமலே மவுசுக்குப் போனது. பழக்கதோஷம்.

"தொடாதேங்கோ!" என்று இம்மாகுலேற் என் கையில் ஒரு அடி போட்டார். உண்மையான அடி.

இருபத்துமூன்று. நவரத்தினம் முப்பத்தொன்று. கமலேஸ்வரியின் புடவைக்கடை நாற்பத்தைந்தைத் தாண்டியும் காணவில்லை. இந்த வருடம் வைகாசிக்குப் பிறகு எங்களில் ஒருவருக்கும் நெஞ்சில் தெம்பு இருக்கவில்லை. ஊரில் போர் முடிந்த விதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, தெருவில் நின்று கத்தி, ஒன்றும் ஆகாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியிருந்தோம். காலையில் தேநீரோடு பார்க்கிற அந்த முதலாம் இடம்தான் என்னிடம் மிச்சமிருந்தது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நவரத்தினம்தான் வாய் திறந்தார். "பிள்ளை, இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உமக்கென்ன குறைஞ்சிடும்? ஏதோ ஒரு சந்தோசத்தில இருந்தனாங்கள்."

இம்மாகுலேற் அவர் பக்கம் திரும்பினார். நூலகம் என்றும் பார்க்கவில்லை, குரலைத் தணிக்கவும் இல்லை.

"வெல்லுறம், வெல்லுறம் எண்டு கடைசி நாள் மட்டும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவை. நானும் நம்பிக்கொண்டிருந்தனான். என்ர தம்பியின்ர பிள்ளையள் எங்க நிக்குதுகள் எண்டு கூட ஆரும் எனக்கு உண்மையாச் சொல்லேல்லை. அது காணும். இனி நான் எண்ணுற இடத்தில பொய் இருக்காது. வேலை போனால் போகட்டும்."

அருள்நேசன் எல்லோர் முன்னாலும் சொன்னான், திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்று.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வந்தார். வழக்கமான கதிரையில் இருந்தார். "நிப்பாட்டுறதெண்டால் எழுத்தில தாரும், தம்பி. என்ன காரணத்துக்கு எண்டும் எழுதும்" என்றார். அருள்நேசனுக்கு எழுத வரவில்லை. பொய்யான எண் போடச் சொன்னேன், மறுத்துவிட்டார் என்றா எழுதுவது? செவ்வாயும் வந்தார். புதனும் வந்தார். கோயிலில் நன்றிகெட்டவள் என்று கதை பரவியது. சவிரிமுத்துவிடம் இரண்டு பேர் புத்தி சொல்லிப் பார்த்தார்கள். "என்ர மனிசியின்ர கதிரை அது, அவ எழும்பினால்தான்" என்று அவர் பேக்கரி ஷிப்ட்டுக்குப் போய்விட்டார்.

புதன் பின்னேரம் அருள்நேசன் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தான். இம்மாகுலேற் வாடிக்கையாளர்களைப் பொது இடத்தில் அவமானப்படுத்தினார் என்று ஆங்கிலத்தில் அழகாக அடித்திருந்தான். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆறாவது நானாம், பதினொன்றில் ஆறு பேர் என்றால் வேலையை நிற்பாட்ட அதுவே காரணம்.

"அண்ணை, உங்களுக்கு அவ கையில அடிச்சவ எல்லே?"

அடித்தவர்தான். அவமானம்தான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காலையில் கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி வைத்தேன்.

வியாழன் காலை அதை எடுத்துக்கொண்டு கார்ப்பெற் கடைக்கு மேலே ஏறினேன். இம்மாகுலேற் வேலையாக இருந்தார். அருள்நேசன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து சிரித்தான். நான் அவருடைய மேசைக்கு முன்னால் இருந்து, கடிதத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் பேனையால் எழுதினேன்: "அருள்நேசன் எனக்கு நான் முதலாம் இடம் என்று சொன்னான். இம்மாகுலேற் எனக்கு நான் இருபத்துமூன்றாம் இடம் என்று சொன்னார். இம்மாகுலேற் சொன்னதுதான் உண்மை. என்னை அவமானப்படுத்தியது அவர் இல்லை." கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினேன். எனக்குள் பெரிய பெருமை. நன்றி சொல்லப்போகிறார், கண் கலங்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாசித்தார். திரையைத் திருப்பி, அன்று காலை ஆறு மணிக்கு வந்து விழுந்திருந்த வரியைக் காட்டினார்.

"இருபத்திமூண்டு சனிக்கிழமையான் கணக்கு, அண்ணை. இண்டைக்கு நீங்கள் இருபத்திநாலு. அதையும் சேத்து எழுதுங்கோ."

"உம்மட வேலையைக் காப்பாத்த எழுதிற கடிதம், பிள்ளை. ஒரு இடம் முந்திப் பிந்தினால் என்ன?"

"உதுதான் அருள்நேசன் தம்பியும் கேட்டவர்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பேனையை எறிந்துவிட்டுப் போயிருப்பேன். போகவில்லை. இன்றைக்கு இருபத்துநாலாம் இடம் என்று சேர்த்தெழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் வைத்தேன். அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்பைத் திறந்து உள்ளே போய், அருள்நேசனின் மேசையில் வைத்தார்.

"இப்ப எழுதும் தம்பி, காரணத்தை."

அவன் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வேலைக்கு வந்தார்.