எமர்ஜென்சி கதவுக்கு முன்னால் எட்டுக் கட்டம்

1. மூணு மணிக் காலர்

ஆடிட்டர் வந்த அன்று என் வேலை போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் என் திறமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அன்றைக்கு நான் செய்ததெல்லாம் ஒரு பொய் சொன்னதும், விசில் ஊதினதும்தான்.

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு யூனிஃபார்ம் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். ஸ்கூல் சட்டை, பேன்ட், பினோஃபார் எல்லாம் தைப்போம். நாற்பது மெஷின், நாற்பதிலும் பெண்கள். பாதிப் பேருக்கு மேல் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். இன்றைக்கு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் கையில் டார்கெட் ஷீட்டோடுதான் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். சிரிப்புச் சத்தம் கேட்டால் அந்த மெஷினில் பீஸ் குறையும் என்பது என் எண்ணம். அவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் செக்கிங் டேபிளில் 'மூணு மணிக் காலர்' என்று சொல்வார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மூன்று மணிவாக்கில் கண் சொக்கும், கை மட்டும் ஓடும். அப்போது தைத்த காலரில் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். அம்புட்டும் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வரும். டீயை முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன், ஃபேனைக் கூட்டிப் பார்த்தேன், தொண்டை கட்டும் வரை சத்தம் போட்டும் பார்த்தேன். காலர் நேராகவில்லை.

2. பேச்சி போட்ட கட்டம்

லஞ்ச் அரை மணி நேரம். பத்து நிமிடத்தில் டப்பா காலியாகிவிடும். மீதி நேரம் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக் கிடப்பார்கள், இல்லாவிட்டால் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கட்டிங் பக்கம் போனால், எமர்ஜென்சி கதவுக்கு முன்னால் காலியாக விட்டிருந்த இடத்தில் டெய்லர் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டிருந்தது. ஓவர்லாக் மெஷின் பேச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் தாண்டிக்கொண்டிருந்தாள். பாண்டி ஆட்டம். பாத்ரூமில் பெயர்ந்த டைல்ஸ் துண்டுதான் சில்லு. கீழக்குயில்குடியிலிருந்து வேலைக்கு வருகிறவள், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டவள்.

"ஏண்டி, வயசு நாப்பத்தஞ்சு ஆகுது. நொண்டி அடிக்கிறியாக்கும்?" என்றேன்.

அவள் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. "அக்கா, காலைல எந்திரிச்சதுலருந்து நான் செஞ்சதுல, யாரும் சொல்லாம செஞ்சது இது ஒண்ணுதேன்" என்றாள்.

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். அழிச்சுத் தொலை என்றேன். நீங்கள் நாலே நாலு கட்டம் தாண்டிக் காட்டுங்கள், என் சேலையாலேயே துடைத்துவிடுகிறேன் என்றாள். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். இது என்ன பெரிய வித்தையா என்று இறங்கினேன். மூன்றாவது கட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டேன். அத்தனை பேரும் ஒரே குரலில் அவுட்டு என்றார்கள். என் சர்வீஸில் என்னைப் பார்த்து ஒருத்தியும் அப்படிக் கத்தியதில்லை.

சாயங்காலம் உலையை வைத்துவிட்டு அடுப்படி டைல்ஸில் பழகிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலில் என்ன, ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டார். விளையாடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சுளுக்கு என்றேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் அவரிடம் மறைத்த முதல் விஷயம் அது. அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், நம்பட்டும்.

அடுத்த வாரம் நாலு கட்டத்தையும் தாண்டினேன். ஆனால் அதற்குள் அழிக்கச் சொல்லும் எண்ணம் எனக்கே போய்விட்டது. ஆறு மாதம் ஓடியது. மூணு மணிக் காலர் குறைந்துவிட்டது. கண் சொக்குகிற நேரத்தில், மதியம் யார் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சாதித்தாள் என்ற வழக்கு லைன் முழுக்க ஓடும். அதில் தூக்கம் எங்கிருந்து வரும்? எனக்கும் காலையில் பஸ் ஏறும்போதே லஞ்ச் எப்போது வரும் என்றிருந்தது. சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதவே இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

3. ஒற்றைக் கால் டிரில்

எங்களுக்கு இருந்த ஒரே பயம் மேனேஜர் சார். யாரோடும் ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். கண்ணாடி ரூமில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அங்கிருந்து கட்டம் தெரியாதபடி பண்டல் ட்ராலியைக் குறுக்கே நிறுத்திக்கொள்வோம். ஆர்டர் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வரப்போகிறார், கதவு, வழி, பாதுகாப்பு எல்லாம் பார்ப்பார், இதில் ஃபெயிலானால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் முதலில் போகிற பெயர் உங்களுடையதுதான் என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தால் உண்டு. என் சம்பளத்தில்தான் வீடு நின்றது.

எல்லாவற்றையும் சரி செய்தோம். ஊசியில் விரல் படாதபடி தடுப்பு மாட்டினோம், தீயணைப்பு சிலிண்டரைத் துடைத்தோம். கட்டத்தை லஞ்ச் முடிந்து அழித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். மூன்று மணிக்கு வரவேண்டிய மனுஷன் ஒன்றரைக்கே வந்து நின்றார். திருப்பூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. நேராக எமர்ஜென்சி கதவுக்குத்தான் போனார்.

"இது என்ன மார்க்கிங்ங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் வாய் முந்திக்கொண்டது. "ஃபயர் டிரில் சார். ஒரு கட்டத்துக்கு ஒரு ஆளு. வரிசையாப் போனா நெரிசல் இருக்காது."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. குறித்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார். நான் விசில் ஊதினேன்.

பேச்சிதான் முதலில் ஓடி வந்தாள். கட்டத்துக்கு முன்னால் வந்ததும் அவள் கால் தானாக மடங்கியது. நொண்டிக்கொண்டே கதவைத் தாண்டி வெளியே போனாள். பின்னால் வந்தவர்களும் நொண்டினார்கள். ஐந்தாவது கட்டத்தில் சில்லு கிடந்தது. ஒருத்தி விடாமல் அந்தக் கட்டத்தை மட்டும் எட்டித் தாண்டினார்கள். நடுவில் ஒருத்தி கோட்டை மிதித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் உள்ளே போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

"ஏனுங்க எல்லாரும் ஒத்தக் கால்ல போறாங்க?" என்றார் ஆடிட்டர்.

தீப்பிடித்தால் தரை சுடும் என்று சொல்லலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் திரும்பி உள்ளே போனவளை நான் பார்த்துவிட்டேன். நெசமாகவே தீப்பிடித்தாலும் இவள் இப்படித்தான் போவாள் என்று தோன்றியது.

"சார், நான் சொன்னது பொய். இது பாண்டி ஆட்டம். சாப்பாட்டு நேரத்துல விளையாடுறோம், நானுந்தேன் விளையாடுறேன். இந்த எடத்துல போட்டது தப்பு. இப்பவே அழிச்சுர்றோம்."

அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. நெடுநேரம் எழுதினார். பிறகு மேனேஜரோடு கண்ணாடி ரூமுக்குப் போய்விட்டார்.

4. கண்ணாடி ரூம்

ஆடிட்டர் காரில் ஏறிப் போனதும் என்னைக் கூப்பிட்டார்கள். பேச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லாம் என்னால்தானே என்றாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்லை. ஐ.டி. கார்டைக் கழற்றி மேனேஜர் மேஜை மேல் வைத்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் ரிப்போர்ட்டைத் தள்ளினார். எல்லாம் பாஸ். கடைசியில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: அவசர வழியில் கோடு எதுவும் இருக்கக் கூடாது, விளையாட்டுக்கு வேறு இடம் ஒதுக்கவும். ஸ்டோர் ரூம் பக்கம் இடம் காலி பண்ணச் சொல்லிவிட்டேன் என்றார்.

உயிர் திரும்பி வந்தது. கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். உட்காரச் சொன்னார். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஆறு மாசமா இங்கருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம். பண்டல் ட்ராலி மறைச்சா எந்திரிச்சு நின்னு பாப்பேன். அம்புட்டுப் பேர்ல ஒருத்தர் கூட என்னைய வாங்கன்னு கூப்பிடல."

பொய் சொல்லி மாட்டியபோது வராத வெட்கம் எனக்கு அப்போது வந்தது. அவர் பார்த்துவிடக் கூடாது என்று ஆறு மாதம் நாங்கள் பயந்திருக்கிறோம். அந்த ஆறு மாதமும் அவர் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்.

புதிதாக சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். டார்கெட் எடுப்பதை மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வயதுக்கு மேல் யாரும் தானாக வந்து ஆட்டத்தில் சேர மாட்டார்கள். அவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை, வெட்கம். நாம்தான் கூப்பிட வேண்டும், நமக்கு மேலே இருப்பவரையும்.

மறுநாள் லஞ்சில் நான் கண்ணாடியைத் தட்டி, "வாரீங்களா சார்?" என்றேன். பாதிச் சாப்பாட்டில் டப்பாவை அப்படியே விட்டுவிட்டு, ஷூவைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.