பின்னட்டைச் சீட்டு

எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மேலே 'வாசகர் கருத்து' என்று அச்சடித்து, கீழே பன்னிரண்டு கோடுகள். அதை ஒட்டுவது என் வேலை. பதினேழு வருடமாக ஒட்டுகிறேன். 'நன்று', 'மிக நன்று', 'பரவாயில்லை' என்ற மூன்றைத் தாண்டி யாரும் எழுதுவதில்லை. ஒருவர் எல்லாச் சீட்டிலும் தன் கையெழுத்தை மட்டும் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

அந்தச் சீட்டை மதித்து எழுதியவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை, நாற்பதைத் தொடப்போகிற வயது. அவள் உள்ளே வருவதற்கு முன்பே வெளுப்பு மருந்தின் வாடை வந்துவிடும். பென்சிலால் மட்டுமே எழுதுவாள், பொடிப் பொடியாக, கோட்டுக்கு வெளியே போகாமல். கவுண்டரில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் பென்சில்காரி. அவளுக்கு அது தெரியாது.

வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுப்பாள். ஒன்று புதிதாக வந்த காதல் நாவல். இன்னொன்று 'சமூகநீதி' என்று பலகை எழுதி நாங்கள் தனியாக வைத்திருக்கும் அலமாரியிலிருந்து. ஒரு காதல் நாவலின் சீட்டில் இப்படி எழுதினாள்: "கதாநாயகன் நாலு அத்தியாயமாக மழையில் நிற்கிறான். இவனுக்கு வேலைவெட்டி கிடையாதா? அந்த ஈரச் சட்டையைத் துவைத்தது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை." இன்னொன்றில்: "இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஒருநாள் கண்ணாலேயே சொல்லிவிட்டுப் போனார், திரும்பவில்லை." சமூகநீதிப் புத்தகம் ஒன்றில்: "இதில் வரும் ஏழைகள் ஒருவருக்கும் சிரிக்கத் தெரியவில்லை. எங்கள் அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு வந்து பார்க்கட்டும். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனால் சிரிக்கவே நேரம் போதாது."

சில சீட்டுகளில் 'அக்கா சொல்கிறார்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். அந்த அக்கா, வார்டுகளிலிருந்து மூட்டையாக வரும் அழுக்குத் துணிகளைப் பிரிக்கும் மேஜையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவர். பலகை போட்டு ஏறி நின்றால்தான் மேஜை எட்டும். எல்லோருக்கும் குட்டையக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் கொதிகலனுக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சில்காரி வாய்விட்டுப் படிப்பாள், இவர் கேட்பார். ஒரே நிபந்தனை, ஒரு வரி விடக்கூடாது. பதிப்பகத்தின் முகவரி முதல் பின்னட்டைச் சீட்டில் ஊரார் எழுதிய 'பரவாயில்லை' வரை எல்லாவற்றையும் படிக்க வேண்டும். "அக்கா சொல்கிறார்: இந்தப் பெண்ணுக்கு நான் மாமியாராக வாய்த்திருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்திருக்கும்." நான் இதைப் படித்துவிட்டு முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு எழுத்தாளர் வருவார். இரண்டு காதல் நாவல் எழுதியவர். காதல் விலை போகாததால் சமூகநீதிப் பக்கம் திரும்பியிருந்தார். வந்ததும் தன் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறந்து பார்ப்பது அவருடைய வழக்கம். ஒருநாள் அதில் பென்சில் எழுத்து இருந்தது. "இந்த ஆசிரியருக்குத் துணி துவைக்கத் தெரியாது. காதலியின் ரத்தக் கறைக்குக் கதாநாயகன் வெந்நீர் ஊற்றுகிறான். வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு தங்கிவிடும். அந்த இடத்திலேயே இவர்கள் காதலை நம்புவதை விட்டுவிட்டேன்."

மனிதருக்கு முகம் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது. "யாருங்க இது?" என்று கேட்டார். பதினேழு வருடத்தில் ஒரு எழுத்தாளர் என்னிடம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வேலை, மேஜை, கொதிகலன், அக்கா என்று தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

"நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். சும்மா ஒரு வாசகரா இருந்துட்டுப் போறேன்" என்றார். சீட்டில் பச்சைப் பேனாவால் எழுதினார்: "நீங்கள் சொல்வது சரி. இன்னும் சொல்லுங்கள்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தை நான் எடுத்து வைப்பேன். அவர் பதில் எழுதுவார். அடுத்த முறை அவள் வரும்போது பின்னட்டையைத் திறந்து நீட்டுவேன். இடம் போதாமல் போனதும் நீளமான சீட்டாக வெட்டி ஒட்டினேன்.

"பச்சைப் பேனா யாரு சார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒரு மெம்பர்மா."

"நல்லாக் கேக்கறாரு. நம்மகிட்ட யாரு கேக்கறா இதெல்லாம்?" தேதி முத்திரையையே பார்த்துக்கொண்டு, "தனியா இருக்கிறவரா?" என்றாள்.

எழுத்தாளருக்கு மனைவி உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது, வேறு காரணம் சொன்னால் அது பொய். அடுத்த வாரம் புதுப் பென்சில் வாங்கியிருந்தாள். எழுத்து இன்னும் அழகாகியிருந்தது.

பிறகுதான் அந்தச் சீட்டு வந்தது. ஏதோ ஒரு சமூகநீதி நாவலில் தொழிலாளிப் பெண்ணுக்கு ஊசி குத்துகிறது, உடனே அவள் மேஜைமேல் ஏறி இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறாள். பென்சில்காரி எழுதினாள்: "ஊசி குத்தினால் யாரும் பேச மாட்டார்கள். விரலை வாயில் வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் ஞாபகம் வரும். போர்வைக்குள் ஊசியைச் சுருட்டி அனுப்புவது வார்டுக்காரர்களுக்குப் பழக்கம். எங்களுக்குக் கொடுக்கும் கையுறை காகிதம் மாதிரி இருக்கும். அதனால் எரிக்கப் போடும் பழைய கம்பளியில் வெட்டி, நாலு மடிப்பாக வைத்து அக்கா உள்ளங்கைப் பட்டை தைத்துத் தருவார். கையுறைக்குள் போட்டுக்கொள்வோம். கழித்த துணியைத் தொட்டால் திருட்டுக் கணக்கு. அதனால் வேலை முடிந்ததும் இஸ்திரி இயந்திரத்தின் பின்மூடிக்குள் ஒளித்து வைப்போம்."

பச்சைப் பேனா கேட்டது: "யாருக்காவது குத்தியிருக்கிறதா? பயமாக இருக்காதா?"

அதற்குப் பதில் எழுதிக் கொண்டுவந்த அன்று புத்தகத்தை என் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் மார்போடு வைத்திருந்தாள். "அவர் படிச்சதும் இதை அழிச்சிடுங்க சார். பென்சில்லதான் எழுதியிருக்கேன். அக்கா என்னை நம்பிச் சொன்னது."

"அழிச்சிடறேன்மா" என்றேன். அழிக்கவும் செய்தேன், ரப்பர் தூளை ஊதித் தள்ளி, சுவடு தெரியாமல். ஆனால் அதற்கு முன்னால் எழுத்தாளர் கைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டு மாதத்தில் புத்தகம் வந்துவிட்டது. சலவைப் பெண்களின் வாழ்க்கையும் காதலும் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். வெளியீட்டுக் கூட்டம் எங்கள் வாசிப்புக் கூடத்தில். 'நானும் வருவேன், பார்க்கலாம்' என்று பச்சைப் பேனா எழுதியிருந்ததால் பென்சில்காரியும் வந்தாள். மடிப்புக் கலையாத உடை, தலையை ஒழுங்காக வாரிப் பின்னியிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பச்சைப் பேனாவைத் தேடி ஒவ்வொரு ஆணின் சட்டைப் பையையும் பார்த்தாள்.

எங்கள் வாசகர் வட்டத் தலைவிதான் பென்சில்காரிக்கு மேலதிகாரி. ஆஸ்பத்திரித் துணிகளுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி அம்மா. படிப்பில் உயிர். மேடையில் ஏறி அந்தக் கம்பளிப் பட்டை அத்தியாயத்தைப் படித்தார். இயந்திரத்தின் பின்மூடி வரும் இடத்தில் குரல் உடைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மேலே படித்தார். கூடத்தில் பலர் மூக்கைச் சிந்தினார்கள்.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை நின்றது. பென்சில்காரியும் நின்றாள். அவளுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது எழுத்தாளர் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். பச்சை மை. பக்கத்தில் அவர் மனைவி புத்தகங்களை விரித்து விரித்து நீட்டிக்கொண்டிருந்தார். பென்சில்காரி வரிசையிலிருந்து விலகி நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்க அழிச்சீங்க இல்ல சார்?"

"அழிச்சேனே" என்றேன். அது உண்மைதான்.

திங்கட்கிழமை காலை அதிகாரி அம்மா திருப்புளியோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு சலவைப் பிரிவுக்குப் போனார். பின்மூடியைக் கழற்றினால் பதினொரு ஜோடிப் பட்டைகள். இதை அவரே பிறகு என் கவுண்டரில் நின்று சொன்னார். பென்சில்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம். குட்டையக்கா அவள் காலை மிதித்துவிட்டு, "தையல் என்னுது. வெட்டினதும் நான்தான். இவளுக்கு ஊசி கோக்கவே வராது" என்றாராம். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"அந்த அத்தியாயத்தை நெனச்சா இப்பவும் எனக்கு அழுகை வருது" என்றார் அதிகாரி அம்மா. "ஆனா விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? புத்தகம் வேற, வேலை வேற." பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, நூலகப் பிரதியின் சீட்டில் தன் கருத்தை எழுதிவிட்டுப் போனார்.

அந்தப் பிரதியைப் பென்சில்காரி எடுத்துப்போனாள். பாதியில் விட்டுக் கருத்துச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. இரண்டே நாளில் படித்து முடித்தாள் என்று நினைக்கிறேன், மூன்றாம் நாள் தெருவில் பார்த்தபோது கண் அப்படி இருந்தது. ஆனால் உடனே திருப்பவில்லை. கடைசித் தேதியன்று மதியம் வந்தபோது அவளோடு குட்டையக்காவும் வந்தார். அவர் நூலகத்துக்குள் வருவது அதுதான் முதல் தடவை. வாசிப்புக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை.

"உன்கிட்ட எத்தனை நாளாக் கேக்கறேன். என் பொழப்பைக் கெடுத்தவன் என்னதான் எழுதியிருக்கான்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா? ஊசி வர்ற இடத்துலேர்ந்து படி. எவளோ ஒருத்தி சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டா எவள்னு கண்டுபிடிச்சிடுவேன். எனக்கு அந்த இஸ்திரிக்காரி மேலதான் சந்தேகம்."

பென்சில்காரி படித்தாள். கம்பளி வந்தது, நாலு மடிப்பு வந்தது, பின்மூடி வந்தது. குட்டையக்கா "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தின் கடைசியில் அவள் நின்றுவிட்டாள். கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது எந்தப் பக்கம் என்று தெரியும். தாண்டிப் போ, தாண்டிப் போ என்று மனதுக்குள் கத்தினேன். இரண்டு வரியை விழுங்கினால் அந்தக் கிழவிக்கு எப்படித் தெரியப்போகிறது?

"என்னடி, கண்ணு தெரியலையா? ஒரு வரி விடக்கூடாது."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "'ஊசி குத்தியபின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மூன்று மாதம் தனித் தட்டு, தனித் தம்ளர். ஏன் என்று கணவன் கேட்டபோது வாய்ப்புண் என்று சொன்னாள்.'"

'ம்' வரவில்லை.

"வாய்ப்புண்ணா?"

"ஆமாக்கா."

"அப்படியே போட்டிருக்கா?"

"அப்படியேதான்."

குட்டையக்கா மடியிலிருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். "அதை நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கே இன்னிவரைக்கும் தெரியாது." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"பென்சில்லதான்க்கா எழுதினேன்" என்றாள் அவள். "அழிச்சிடச் சொல்லித்தான் எழுதினேன்." அப்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் முத்திரைப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

குட்டையக்கா கேட்டார். "கடைசில நான் என்ன ஆகறேன்?"

"செத்துடறீங்கக்கா."

"எப்படி?"

"அந்த ஊசியாலதான்."

"அப்புறம்?"

"எல்லாருக்கும் நல்ல கையுறை குடுக்கறாங்க."

குட்டையக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமே இல்லாமல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பின்னாடி சீட்டு இருக்குமே. அதையும் படி" என்றார்.

"வேணாம்க்கா."

"படிடீ."

படித்தாள். "'தேம்பித் தேம்பி அழுதேன். இந்தப் பெண்களின் வலியை உணராதவர் மனிதரே அல்லர். அனைவரும் படிக்க வேண்டும்.' துணிப் பிரிவு அதிகாரின்னு போட்டுக் கையெழுத்து இருக்குக்கா."

குட்டையக்கா நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பென்சில்காரியும் கூடவே எழுந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ வராதே. எனக்கு வழி தெரியும்."

பென்சில்காரி புத்தகத்தைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். சரியான தேதிதான். முத்திரை குத்தினேன். அதன்பிறகு அவள் வரவில்லை. அவளுடைய உறுப்பினர் அட்டை வருடக் கடைசியில் காலாவதியானது.

அவள் புத்தகத்தைத் திருப்பிய அடுத்த செவ்வாய்க்கிழமையே எழுத்தாளர் வந்தார். புத்தகத்துக்கு ஏதோ பரிசு கிடைத்திருந்தது, இனிப்புக் கொண்டுவந்திருந்தார். ஒன்றை எடுத்துத் தின்றேன். நல்ல இனிப்பு.

"அந்தம்மா ஏதாவது எழுதினாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பின்னட்டையைத் திறந்தார். அதிகாரி அம்மாவின் எழுத்துக்குக் கீழே எல்லாக் கோடும் காலியாக இருந்தது. அவர் நம்பவில்லை. எழுதிவிட்டு அழித்திருப்பாளோ என்று சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.